காரணித் தேற்றம் வச்சு தெரியாத கெழுவ கண்டுபிடிக்கிறது எப்படி? (க, ச கணக்கு முழுசா)

"க-வின் மதிப்பு காண்க"னு ஒரு கணக்க போர்டுல எழுதினா போதும், டியூஷன்ல பாதி பிள்ளைங்க பேனாவ மூடிருவாங்க. காரணிப்படுத்தச் சொன்னா பண்ணுவாங்க, வகுக்கச் சொன்னா வகுப்பாங்க, ஆனா கோவைக்குள்ள ரெண்டாவதா ஒரு எழுத்து வந்துட்டா மட்டும் "சார் இதுல எத கண்டுபிடிக்கணும்?"னு முழிப்பாங்க. நியாயமான கேள்விதான். ஆறாம் வகுப்புல இருந்து எக்ஸ்தான் தெரியாதது எக்ஸ்தான் தெரியாததுனு சொல்லி சொல்லி வளத்துட்டு, ஒம்பதாவதுல திடீர்னு எக்ஸ் என்னனு நாங்களே சொல்லிர்றோம் நீ அது பக்கத்துல ஒட்டிட்டு இருக்குற எண்ண, அதாவது கெழுவ கண்டுபிடினு சொன்னா குழப்பம் வரத்தானே செய்யும்.

இந்த வகை கணக்குல புரிய வேண்டியது அது ஒண்ணுதான். வேலை தலைகீழா மாறியிருக்கு. தெரியாததுக்கு எக்ஸ், ஒய், இசட்டும் தெரிஞ்சதுக்கு ஏ, பி, சி-யும் போடுற பழக்கத்த 1637-ல தன்னோட வடிவியல் புத்தகத்துல கொண்டு வந்தவர் டெகார்ட். ஒரு சமன்பாட்டோட மூலம் (எக்ஸ் எடத்துல போட்டா சமன்பாடு சரியா வர்ற எண்) தெரிஞ்சா, எக்ஸ்ல இருந்து அந்த மூலத்த கழிச்சு வர்ற கோவையால அந்தச் சமன்பாட்ட வகுக்கலாம்னு அதே புத்தகத்துல எழுதினவரும் அவரேதான். அவர் எந்தப் பக்கம் தெரிஞ்சது எந்தப் பக்கம் தெரியாததுனு பிரிச்சு வச்சாரோ, அத அப்படியே மாத்திப் போட்டா நம்ம கணக்கு.

முதல்லயே ஒண்ணு சொல்லிர்றேன். நீங்க நோட்டுல எக்ஸ்னு எழுதுற எடத்துல நான் இங்க ய-னு போட்டிருக்கேன், ஏ, பி வர்ற எடத்துல க, ச. ஃபோன்ல கீபோர்ட மாத்தி மாத்தி அடிச்சா எங்கயாவது ஒரு மைனஸ் காணாம போயிரும், இந்தக் கணக்குல மைனஸ் காணாம போனா மொத்தமும் போச்சு. கோவைய ப(ய)-னு எழுதுறேன், ப(2)-ன்னா ய இருக்குற எடத்துல எல்லாம் 2 போடுறதுனு அர்த்தம். கெழுவுக்கும் ய-வுக்கும் நடுவுல ஒரு புள்ளி வச்சிருக்கேன், க·ய² அப்படின்னு, அது பெருக்கல்தான். இலங்கையில இணைந்த கணிதம் படிக்கிறவங்க கெழுவ குணகம்னும் பல்லுறுப்புக்கோவைய பல்லுறுப்பினும் படிச்சிருப்பீங்க, பேருதான் வேற, வேலை ஒண்ணுதான்.

தேற்றம் சொல்றது இவ்வளவுதான்

ஒரு கோவைய (ய − 2) ஆல வகுக்குறோம்னு வைங்க. ஈவு ஒண்ணு வரும், மீதி ஒண்ணு வரும், 17-அ 5-ஆல வகுத்தா 17 = 5 × 3 + 2-னு எழுதுறோமே அதே மாதிரி இங்கயும் எழுதலாம்:

ப(ய) = (ய − 2) × ஈவு + மீதி

இதுல ய = 2 போடுங்க. அடைப்புக்குறி 0 ஆயிரும், ஈவு என்னவா இருந்தாலும் 0-ஆல பெருக்குனா 0 தான், அப்ப மிஞ்சுறது ப(2) = மீதி. இதுதான் மீதித் தேற்றம். அந்த மீதி 0-ன்னா (ய − 2) ஒரு காரணி, (ய − 2) காரணின்னா ப(2) = 0, ரெண்டு பக்கமும் உண்மை. இதுக்குப் பேர் காரணித் தேற்றம்.

இத மனப்பாடம் பண்றதவிட இப்படி வச்சுக்கங்க: கேள்வியில "இது காரணி"னு ஒரு தகவல் குடுத்தா உங்க கைக்கு ஒரு சமன்பாடு வரும். ரெண்டு தகவல் குடுத்தா ரெண்டு சமன்பாடு. தெரியாத கெழு எத்தனை இருக்கோ அத்தனை சமன்பாடு வேணும். அதனால கணக்க ஆரம்பிக்கும்போதே மார்ஜின்ல தெரியாதது எத்தனை, தகவல் எத்தனைனு எண்ணி சின்னதா எழுதிக்கிட்டா எங்க போறோம்னு தெரிஞ்சுட்டே போகலாம்.

ஒரே ஒரு தெரியாத கெழு

கேள்வி: ய³ + க·ய² − 10ய + 8 என்ற கோவைக்கு (ய − 2) ஒரு காரணி, க என்ன?

முதல் வேலை, காரணிய 0-க்கு சமமா வச்சு ய-வ கண்டுபிடிக்கிறது. ய − 2 = 0, அப்ப ய = 2. இந்த வரிய எழுதாம நேரா மனசுலயே போட்டுட்டுப் போறவங்கதான் பின்னாடி (ய + 3) வரும்போது மாட்டுவாங்க, அதனால எழுதுங்க, ஒரு வரிதானே.

அடுத்தது ப(2):

8 + 4க − 20 + 8 = 0
4க − 4 = 0
க = 1

முடிஞ்சுது. கோவை ய³ + ய² − 10ய + 8. இங்க நிறுத்திரலாம், ஆனா நான் பிள்ளைங்கள நிறுத்த விடமாட்டேன், ஒரு தடவ தொகுமுறை வகுத்தல் போட்டு செக் பண்ணச் சொல்வேன். கெழுக்கள் 1, 1, −10, 8. 2-ஆல போடுறதுன்னா முதல் கெழுவ அப்படியே கீழ இறக்கி, அத 2-ஆல பெருக்கி அடுத்த கெழுவோட கூட்டி, வந்தத திரும்ப 2-ஆல பெருக்கி அடுத்ததோட கூட்டினு கடைசி வரைக்கும் போறது, கீழ் வரிசை 1, 3, −4, 0 வருது. அதுல கடைசி எண் மீதி, அதுக்கு முன்னாடி இருக்குறது ஈவோட கெழுக்கள். கடைசில 0 வந்துருச்சு, அப்ப க சரி. செக் பண்ணதுக்கு கூலியா ஈவும் கிடைக்குது, ய² + 3ய − 4, அதப் பிரிச்சா (ய + 4)(ய − 1). கேள்வியில "மற்ற காரணிகளையும் காண்க"னு ஒரு வால் இருந்தா அதுவும் அங்கயே முடிஞ்சுது. (இந்த தொகுமுறை வகுத்தல ஸ்பெயின், இத்தாலி பக்கம் ருஃபினி முறைனு சொல்வாங்க, இங்கிலாந்துல 1819-ல வெளியிட்ட ஹார்னர் பேர்லயும் சொல்றதுண்டு. நம்ம ஊர்ல யார் பேரும் இல்லாம முறைய மட்டும் பேரா வச்சுட்டோம்.)

குறிதான் ஆளக் கவுக்குறது

இந்தப் பகுதிய மட்டும் மெதுவா படிங்க, மார்க் போறது முக்காவாசி இங்கதான்.

கேள்வி: ய³ + க·ய² − 2க·ய − 3 என்பதற்கு (ய + 3) காரணி. க என்ன?

க ரெண்டு எடத்துல இருக்கேனு பயப்பட வேண்டாம், எழுத்து ஒண்ணுதான், தெரியாததும் ஒண்ணுதான், ஒரு சமன்பாடு போதும். ய + 3 = 0, ய = −3. இப்ப பிரதியிடும்போது ஒவ்வொரு ய-வுக்கும் அடைப்புக்குறியோட (−3) போடுங்க:

(−3)³ + க(−3)² − 2க(−3) − 3 = 0
−27 + 9க + 6க − 3 = 0
15க = 30
க = 2

இத ஒரு பையன் போட்டு க = −8-னு கொண்டு வந்தான், அவனுக்குப் பக்கத்துல இருந்த பிள்ளை க = −10-னு கொண்டு வந்தா. ரெண்டு பேரும் "சார் முழு எண்ணா வந்துருச்சு, அப்ப சரிதான்"னு அடிச்சு சொன்னாங்க. பையன் (ய + 3)-அ பாத்துட்டு ய = 3 போட்டிருக்கான், 27 + 9க − 6க − 3 = 0, அதுல 3க = −24, க = −8. அந்தப் பிள்ளை ய = −3 சரியாதான் போட்டிருக்கா, ஆனா அடைப்புக்குறி இல்லாம −3²-னு எழுதி அத −9 ஆக்கிட்டா, −27 − 9க + 6க − 3 = 0, −3க = 30, க = −10. பாருங்க, ஒரே கணக்குல ரெண்டு தப்பு வழி, ரெண்டுலயும் பின்னம் இல்லாம சுத்தமா விடை வருது. முழு எண்ணா வந்தா சரினு நம்புறது எவ்வளவு ஆபத்துனு இதவிட நல்லா என்னால காட்ட முடியாது.

அதனால வகுத்துப் பாருங்க. க = 2 போட்டா கெழுக்கள் 1, 2, −4, −3. −3-ஆல போட்டா 1, −1, −1, 0. சரி. ஈவு ய² − ய − 1, இது முழு எண்ல பிரியாது, பிரியலைனா விட்டுருங்க, கேட்டது க மட்டும்தான்.

அடைப்புக்குறிக்கு அடுத்து ஒரு சின்ன டிப்ஸ். −3-ஓட ஒற்றைப்படை அடுக்கு மைனஸ், இரட்டைப்படை அடுக்கு ப்ளஸ். பிரதியிடறதுக்கு முன்னாடியே ஓரமா (−3)² = 9, (−3)³ = −27-னு எழுதி வச்சுக்கிட்டு அப்புறம் பெருக்குனா கை தடுமாறாது.

காரணி (ய − 1) ஆவோ (ய + 1) ஆவோ இருந்தா இன்னும் சுலபம். (ய − 1)-ன்னா எல்லா கெழுவையும் கூட்டுனா 0. (ய + 1)-ன்னா இரட்டைப்படை அடுக்கு கெழுக்கள் கூடுதலும் (ய இல்லாம தனியா நிக்குற எண், அதாவது மாறிலியும் இதுல சேத்திதான், மறந்துராதீங்க) ஒற்றைப்படை அடுக்கு கெழுக்கள் கூடுதலும் சமம். ஒரு வரியில சமன்பாடு ரெடி.

ரெண்டு தெரியாத கெழு, ரெண்டு காரணி

பரீட்சையில அஞ்சு மார்க்குக்கு வர்றது பெரும்பாலும் இந்த மாடல்தான்.

கேள்வி: க·ய³ + ச·ய² − 13ய + 6 என்பதற்கு (ய − 2), (ய + 3) ரெண்டுமே காரணிகள். க, ச காண்க.

ப(2) = 0 போட்டா 8க + 4ச − 26 + 6 = 0, அதாவது 8க + 4ச = 20. இங்கயே நின்னு 4-ஆல வகுத்துருங்க:

2க + ச = 5 ...... (1)

ப(−3) = 0 போட்டா −27க + 9ச + 39 + 6 = 0, அதாவது −27க + 9ச = −45. 9-ஆல வகுங்க:

−3க + ச = −5 ...... (2)

இந்த வகுத்துச் சுருக்குற வேலைய நிறைய பேர் செய்றதில்ல, 8க, 27க-னு பெரிய எண்களோடயே நீக்கல் முறைக்குப் போயி அங்க பெருக்கல்ல தப்பு பண்ணிட்டு காரணித் தேற்றம் எனக்கு வராதுனு சொல்வாங்க. தேற்றம் நல்லாதான் வந்துச்சு, வராதது பெருக்கல். சுருக்குனதும் பாருங்க ரெண்டுலயும் ச-வோட கெழு 1, (1)-ல இருந்து (2)-அ கழிச்சா 5க = 10, க = 2, ச = 1.

கோவை 2ய³ + ய² − 13ய + 6. மூணாவது காரணி என்ன? வகுக்காமயே சொல்லலாம். ரெண்டு காரணி இருக்கு, (ய − 2)(ய + 3)(?). முதல் உறுப்பு 2ய³ வரணும்னா மூணாவதுல 2ய இருக்கணும். மாறிலி 6 வரணும், ஏற்கனவே (−2) × 3 = −6 இருக்கு, அப்ப மூணாவதுல −1. ஆக (2ய − 1). வேணும்னா பெருக்கிப் பாத்துக்கங்க, ய² உறுப்பும் ய உறுப்பும் சரியா வந்தா க, ச ரெண்டும் சரினு அதுவே சொல்லிரும்.

காரணி ஒண்ணு, மீதி ஒண்ணு

கேள்வி: ய³ + க·ய² + ச·ய + 6 என்பதற்கு (ய − 1) காரணி, (ய + 1) ஆல வகுத்தா மீதி 12. க, ச காண்க.

மீதியும் ஒரு தகவல்தான், அதுக்கும் ஒரு சமன்பாடு உண்டு, வலது பக்கம் 0-க்கு பதிலா 12 வரும், வேற வித்தியாசம் இல்ல.

ப(1) = 0: 1 + க + ச + 6 = 0, க + ச = −7
ப(−1) = 12: −1 + க − ச + 6 = 12, க − ச = 7

கூட்டுனா 2க = 0, க = 0, ச = −7.

க = 0 வந்ததும் ஏதோ தப்பு பண்ணிட்டோம்னு அழிச்சுட்டு திரும்ப போடாதீங்க. கெழு 0 ஆகலாம், அந்த உறுப்பே கோவையில இல்லனு அர்த்தம், அவ்வளவுதான். கோவை ய³ − 7ய + 6. ப(−1) = −1 + 7 + 6 = 12, மீதி சரியா இருக்கு.

இப்ப இத (ய − 1) ஆல வகுக்கும்போது ஒரு அழகான பொறி இருக்கு. சரியான முறையில கெழுக்கள் 1, 0, −7, 6, கீழ் வரிசை 1, 1, −6, 0, ஈவு ய² + ய − 6 = (ய + 3)(ய − 2). ய² இல்லாத எடத்துல 0 போட மறந்துட்டா 1, −7, 6-னு வச்சு வகுப்பீங்க, கீழ 1, −6, 0 வரும். கடைசில 0 வந்துருச்சே சரிதான்னு நம்பிருவீங்க, ஈவ ய − 6-னு எழுதிருவீங்க. 1-ஆல பெருக்குறப்ப கீழ் வரிசையோட கடைசி எண் கெழுக்களோட கூடுதல்தான், நடுவுல 0 விட்டுப்போனாலும் கூடுதல் மாறாது, அதனாலதான் அது காட்டிக் குடுக்கல. மூணாம் படி கோவைய முதல் படியால வகுத்தா ஈவு ரெண்டாம் படி வரணுமேனு ஒரு தடவ யோசிச்சா மாட்டிரும்.

மீதி வச்சே இன்னொரு மாடல் உண்டு. ய³ + க·ய² + 1, 2ய² − க·ய + 7 ரெண்டையும் (ய − 2) ஆல வகுத்தா ஒரே மீதி வருது, க என்ன? மீதி எவ்வளவுனு சொல்லல, சொல்லவும் வேண்டாம். ரெண்டுலயும் 2 போட்டு சமமா வைங்க, 9 + 4க = 15 − 2க, க = 1. ரெண்டு பக்கமும் 13 வருதானு பாத்துட்டு அடுத்த கணக்குக்கு போங்க.

காரணி (2ய + 1) மாதிரி வந்தா

கேள்வி: 2ய³ + க·ய² − 13ய − 6 என்பதற்கு (2ய + 1) காரணி.

2ய + 1 = 0, ய = −1/2. பின்னத்த பிரதியிடறதுல சூட்சுமம் ஒண்ணும் இல்ல, பொறுமை வேணும்:

2(−1/8) + க(1/4) − 13(−1/2) − 6 = 0
−1/4 + க/4 + 13/2 − 6 = 0

மொத்தத்தையும் 4-ஆல பெருக்குங்க: −1 + க + 26 − 24 = 0, க = −1. கடைசி 6-அயும் 4-ஆல பெருக்கி 24 ஆக்கணும், பின்னமா இருக்குறத மட்டும் பெருக்கிட்டு முழு எண்ண அப்படியே விட்டுர்றவங்க நிறைய பேர்.

சரி, வகுத்துப் பாக்கலாம். 2, −1, −13, −6-அ −1/2-ஆல போட்டா கீழ 2, −2, −12, 0. உடனே ஈவு 2ய² − 2ய − 12-னு எழுதிராதீங்க! நாம வகுத்தது (ய + 1/2) ஆல, (2ய + 1) ஆல இல்ல. (2ய + 1) அதுல ரெண்டு மடங்கு பெருசு, அதனால ஈவு பாதியா கொறையும்: ய² − ய − 6, அதாவது (ய − 3)(ய + 2). க-வுக்கு இதனால பாதிப்பு இல்ல, ஆனா மற்ற காரணிகள கேட்டா கண்டிப்பா பாதிக்கும்.

ஒரே காரணி ரெண்டு தடவ வந்தா

கேள்வி: (ய − 2)² என்பது ய³ + க·ய² + ச·ய + 12-ன் காரணி.

தெரியாதது ரெண்டு. காரணி பாக்குறதுக்கு ஒண்ணு மாதிரி இருக்கு, ப(2) = 0 போட்டா 8 + 4க + 2ச + 12 = 0, சுருக்குனா 2க + ச = −10, அதோட கை நின்னுரும். திரும்ப ப(2) = 0 போட்டா அதே சமன்பாடுதான் வரும். ஆனா அந்த 2 அடுக்கு சும்மா வரல, ரெண்டாவது தகவல் அதுக்குள்ளதான் இருக்கு: ஒரு தடவ (ய − 2) ஆல வகுத்து வர்ற ஈவுக்கும் (ய − 2) காரணி.

அப்ப தொகுமுறை வகுத்தல எழுத்தோடயே ரெண்டு தடவ போடுங்க. 1, க, ச, 12-அ 2-ஆல போட்டா கீழ 1, க + 2, 2க + ச + 4, கடைசில 4க + 2ச + 20. இந்தக் கடைசிய 0-க்கு சமமா வச்சா மேல சொன்ன அதே சமன்பாடு. இப்ப முதல் மூணையும் எடுத்து திரும்ப 2-ஆல: 1, க + 4, 4க + ச + 12. இந்த மீதியும் 0, அப்ப 4க + ச = −12. ரெண்டையும் கழிச்சா 2க = −2, க = −1, ச = −8.

ப்ளஸ் ஒன்ல வகைக்கெழு படிச்சுட்டவங்களுக்கு இது ரெண்டே வரி. (ய − 2)² காரணின்னா ப(2) = 0, ப-வ வகையிட்டு 2 போட்டாலும் 0. 3ய² + 2க·ய + ச-ல 2 போட்டா 12 + 4க + ச = 0. அதே சமன்பாடு. கோவை ய³ − ய² − 8ய + 12 = (ய − 2)²(ய + 3).

காரணி இருபடியா இருந்து பிரியலைன்னா

(ய² − ய − 2) காரணினு குடுத்தா பிரச்சனை இல்ல, (ய − 2)(ய + 1)-னு பிரிச்சு ரெண்டு சமன்பாடு எடுத்துக்கலாம். பிரியாத ஒண்ணு குடுத்தா?

கேள்வி: 2ய³ + க·ய² + ச·ய − 5 என்பதற்கு ய² + ய + 1 காரணி.

இத 0-க்கு சமமா வச்சா மெய்யெண் கிடைக்காது. பரவால்ல, ய என்னனு தெரியாமயே பண்ணலாம். ய² + ய + 1 = 0-ன்னா ய² = −ய − 1. ரெண்டு பக்கமும் ய-ஆல பெருக்குனா ய³ = −ய² − ய, அதுல ய²-க்கு பதிலா −ய − 1 போட்டா ய³ = ய + 1 − ய = 1. அழகா 1 வந்துருச்சு. இப்ப கோவையில ய³ வர்ற எடத்துல 1, ய² வர்ற எடத்துல −ய − 1 போடுங்க:

2 + க(−ய − 1) + ச·ய − 5
= (ச − க)ய + (−க − 3)

ய² + ய + 1 ஆல வகுத்தா வர்ற மீதி இதுதான். காரணின்னா இது முழுசா 0 ஆகணும், ய-வோட கெழுவும் 0, மாறிலியும் 0. அப்ப க = −3, ச = க = −3.

இத இன்னும் எளிமையா, தேற்றமே இல்லாம, கெழுக்கள ஒப்பிட்டும் பண்ணலாம். இன்னொரு காரணி முதல் படி, 2ய³ வரணும்னா 2ய, மாறிலி −5 வரணும்னா −5. (ய² + ய + 1)(2ய − 5)-அ பெருக்குனா 2ய³ − 3ய² − 3ய − 5. முடிஞ்சுது. எனக்குப் பிடிச்சது இந்த வழிதான். ஆனா கேள்வியில "காரணித் தேற்றத்தைப் பயன்படுத்தி"னு வார்த்தை இருந்தா தேற்றத்த காட்டித்தான் ஆகணும்.

தகவல் ரெண்டு இருந்தும் பத்தாம போறது

மேல ஒரு தகவலுக்கு ஒரு சமன்பாடுனு சொன்னேன், ஆனா அந்த சமன்பாடுகள் எப்பவும் வேற வேறயா இருக்கணும்னு கட்டாயம் இல்ல. ய³ + க·ய² − 4ய + ச-க்கு (ய − 2), (ய + 2) காரணிகள்னு வைங்க.

ப(2): 8 + 4க − 8 + ச = 0, 4க + ச = 0
ப(−2): −8 + 4க + 8 + ச = 0, 4க + ச = 0

ரெண்டும் ஒண்ணு! க = 1, ச = −4 போட்டாலும் சரி, க = 5, ச = −20 போட்டாலும் சரி. ஏன்னா (ய² − 4)(ய + க)-வ பெருக்குனா எந்த க-வுக்கும் இந்தக் கோவை வந்துரும். இதே கேள்வியில −4ய-வுக்கு பதிலா 5ய இருந்தா 4க + ச = −18-னு ஒண்ணும் 4க + ச = 18-னு ஒண்ணும் வரும், அப்படி ஒரு க, ச உலகத்துலயே கிடையாது. கைட்லயோ மாடல் பேப்பர்லயோ அச்சுப்பிழையால இப்படி கணக்கு வர்றதுண்டு, அரை மணி நேரம் அதோட மல்லுக்கட்டாம ரெண்டு சமன்பாட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, தப்பு உங்க மேலயா கேள்வி மேலயானு தெரிஞ்சுரும்.

கேள்வியோட மாறுவேஷம்

காரணிங்கிற வார்த்தையே இல்லாமயும் இதே கணக்கு வரும். "(ய − 3) ஆல் மீதியின்றி வகுபடும்", "3 என்பது கோவையின் ஒரு பூச்சியம்", "ப(ய) = 0 என்ற சமன்பாட்டின் ஒரு மூலம் 3", "வளைவரை கிடை அச்சை 3-ல் வெட்டுகிறது", இது எல்லாமே ப(3) = 0 தான். பூச்சியம் 3-னு சொன்னா 3-அ அப்படியே போடணும், (ய + 3) காரணினு சொன்னாதான் குறி மாறும், இதுல மட்டும் கவனம். பத்தாம் வகுப்புல "முழு வர்க்கம் எனில் க, ச காண்க"னு ஒரு கணக்கு இதே மாதிரி முகத்தோட வரும், அது வர்க்கமூலம் எடுக்குற கணக்கு, அங்க போயி ப(2)-னு ஆரம்பிச்சுறாதீங்க, அங்க என்ன காரணினு யாரும் சொல்லவே இல்லயே.

போட்டுப் பாக்க மூணு

1) ய³ − 3ய² + க·ய + 24, காரணி (ய + 2).
2) க·ய³ + 4ய² + ச·ய + 6, காரணிகள் (ய − 1), (3ய − 2). பின்னத்துக்கு 27-ஆல பெருக்க வேண்டி வரும், முதல் சமன்பாட்ட (ய − 1)-ல இருந்து எடுத்தா வேலை கம்மி.
3) ய³ + க·ய² + ச·ய − 4, காரணி (ய + 1)².

விடை: முதலாவதுல க = 2, மிச்ச ஈவு ய² − 5ய + 12, அது பிரியாது. ரெண்டாவதுல க = 3, ச = −13, மூணாவது காரணி (ய + 3). கடைசில க = −2, ச = −7, இன்னொரு காரணி (ய − 4). ரெண்டாவதுல க + ச = −10, 4க + 9ச = −105 வரலைன்னா 27-ஆல பெருக்குன வரிக்குத் திரும்பப் போங்க, 6-அ 162 ஆக்காம விட்டிருப்பீங்க.